ஃபோர்ஹேண்டுக்கு எந்த ரப்பர்: ஒட்டுவதா, துள்ளுவதா?

டேபிள் டென்னிஸ் ஆட்டம், 9-9. எதிராளி உங்கள் ஃபோர்ஹேண்ட் பக்கம், வலையை ஒட்டி, பந்து பின்னோக்கிச் சுழலும் ஒரு குட்டையான பேக்ஸ்பின் சர்வீஸ் போடுகிறார். எட்டிப்போய், பேட்டைப் பந்துக்கு அடியில் கொடுத்து மெல்லத் தொடுகிறீர்கள். வலையைத் தாண்டி மேசையிலேயே இரண்டு முறை குதித்து அடங்க வேண்டிய பந்து, நாலு விரற்கடை எழும்பி, மேசையின் கடைசி விளிம்பு வரை மிதந்து போகிறது. அடிப்பதற்கு அதைவிட வாகான பந்து எதிராளிக்குக் கிடைக்காது. 9-10. பேட்டின் மேல் ஒட்டியிருக்கும் அந்த ரப்பரை வாங்குவதற்கு முன் யாரோ ஒருவருடைய பேட்டை வாங்கி ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து நிமிடமும் லூப்தான், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவைத்து வீசி அடிக்கும் அடிதான், அடித்திருப்பீர்கள். அதில் ரப்பர் பிரமாதமாகத்தான் இருந்திருக்கும்.

ரப்பர் தேர்வில் நடக்கும் பெரிய பிழை இதுதான் என்பது பல வருடம் ஆடியதிலும், ஆடுகிறவர்களைக் கவனித்ததிலும் எனக்குப் பட்டது. முழு வீச்சில் அடிக்கும்போது நல்ல ரப்பர்கள் எல்லாமே நன்றாகத்தான் அடிக்கும். அவற்றின் குணம் வெளியே வருவது மெல்லத் தொடும்போது: சர்வீஸைத் திருப்பும் ரிசீவில், பேக்ஸ்பின் பந்தைப் பேக்ஸ்பின்னோடே தள்ளும் புஷ்ஷில், எதிராளியின் லூப்பைத் தடுத்துத் திருப்பும் பிளாக்கில். பெரும்பாலான புள்ளிகள் சர்வீஸ், ரிசீவ், அதற்கடுத்த ஓரிரு அடிகளுக்குள் முடிந்துவிடுகிற விளையாட்டு இது. எனவே ஒரு ரப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுடைய மிகச் சிறந்த அடிக்கு அது என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிட, மிக மெல்லிய அடிக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதே உதவும்.

இதை நான் எழுதுவது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடுகிற, ஐந்து அடுக்கு மரப் பிளேடு (ரப்பர் ஒட்டும் பலகை) வைத்திருக்கிற, லூப் அடிக்கத் தெரிந்த, தேய்ந்துபோன ரப்பரை மாற்ற நிற்கிற ஒருவருக்காக. தினம் பல மணி நேரம் பயிற்சி செய்பவருக்குக் கணக்கு வேறு. அதையும் இடையில் சொல்கிறேன்.

தொடும் கணத்தில் நடப்பது

ரப்பர் என்பது மேல்தாளும் அதன் அடியில் ஸ்பாஞ்சும் சேர்ந்தது. பந்தின் எடை 2.7 கிராம். ரப்பரோடு அது இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. பந்து உள்ளே அமிழ்ந்து ஸ்பாஞ்சை நசுக்க, நசுங்கிய ஸ்பாஞ்ச் அதைத் திருப்பித் தள்ளுகிறது, இது வேகம். பேட் பந்தை உரசிக்கொண்டு போகும்போது மேல்தாளின் அடியில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன மொட்டுகள் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கின்றன, இது ஸ்பின், அதாவது சுழற்சி.

மொட்டுகள் சாய வேண்டுமானால் மேல்தாள் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மேல்தாளே பிசுபிசுப்பாக இருந்து பந்தோடு ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, பந்தை ஸ்பாஞ்சுக்குள் அமிழவிட்டு, சுற்றிலும் அணைத்துப் பிடிப்பது. டேக்கி என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் ஒட்டும் ரகம் முதல் வழி. டிஎச்எஸ் நிறுவனத்தின் ஹரிகேன் 3 அதற்கு நல்ல உதாரணம். டென்சர் என்று பொதுவாக அழைக்கப்படும் துள்ளும் ரகம் இரண்டாவது வழி. பட்டர்ஃபிளையின் டெனர்ஜி 05, யசாகாவின் ரக்ஸா 7, எக்ஸியோமின் வேகா வரிசை எல்லாம் இந்தப் பக்கம்.

துள்ளும் ரகம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் குணம் புரியும். ஒரு காலத்தில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கரைப்பான் கலந்த பசையை ஸ்பாஞ்சில் பூசிக்கொண்டிருந்தார்கள். ஸ்பாஞ்ச் உப்பி, இழுத்துக் கட்டியதுபோல் விறைத்து, பந்தை உதைத்துத் தள்ளும். அந்தப் பசை உடல்நலத்துக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரிலிருந்து சர்வதேசக் கூட்டமைப்பு அதைத் தடை செய்தது. அந்த உதைப்பைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் வைத்துக் கொடுப்பதுதான் துள்ளும் ரகத்தின் நோக்கம். டெனர்ஜி 05 சந்தைக்கு வந்ததும் 2008-ல்தான். ஆக, இந்த ரப்பருக்குள் எப்போதும் ஒரு விசை காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டாலும் கொடுக்கும், கேட்காவிட்டாலும் கொடுக்கும். கேட்காதபோது கொடுப்பதுதான் 9-9-இல் நடந்த விபத்து.

ஹரிகேன் 3: உழைத்தால் மட்டும் கொடுப்பது

ஹரிகேனை எடுத்து முதலில் பந்தைத் தட்டிப் பார்த்தவர்கள் பலர், ஏதோ கட்டையில் அடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். ஸ்பாஞ்ச் அவ்வளவு கெட்டி. மெல்லத் தொட்டால் பந்து அமிழாது, ஸ்பாஞ்ச் விழித்துக்கொள்ளாது. ஆனால் மேல்தாள் ஒட்டுவதால் ஸ்பின் மட்டும் ஏறும். வேகம் இல்லாமல் ஸ்பின் என்பது குட்டை ஆட்டத்துக்குக் கிடைத்த வரம். புஷ் தாழ்வாகப் போகும், வலையோரம் குட்டையாக வைக்கும் டிராப் இரண்டு முறை குதிக்கும், எதிராளிக்கு அடியெடுக்க இடம் இருக்காது.

முழு வீச்சுக்கும் அது நியாயம் செய்கிறது. கால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முன்கையைச் சுருக்கி அடித்தால் பந்து தாழ்வான வளைவில் பறந்து, மேசையின் கடைசிப் பகுதியில் சட்டென்று இறங்கி, எகிறி முன்னால் பாயும். அந்தப் பாய்ச்சலைப் பிளாக் செய்வது கடினம். சீனாவின் மா லாங் 2016-இலும், 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியிலும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்றது ஃபோர்ஹேண்டில் ஹரிகேன் 3 போட்டுத்தான்.

இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். பாதி வீச்சு. கால் அரை நொடி தாமதமாக வந்து, உடம்பு திரும்பாமல் கையால் மட்டும் அடிக்கும் அடி. ஹரிகேனில் அந்த அடிக்கு ஆழம் இல்லை. பந்து மேசையின் நடுவில், மந்தமாக, கையில் கொடுத்ததுபோல் விழும். வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிற நமக்கு ஒரு ஆட்டத்தில் வரும் ஃபோர்ஹேண்ட் அடிகளில் பாதிக்கு மேல் இந்தப் பாதி வீச்சுதான். மூன்றாவது கேமில் மூச்சு வாங்கும்போது இன்னும் அதிகம். இதைச் சொல்லாமல் ஹரிகேனைப் புகழ்வது முழுமையாகாது.

இன்னொன்று. தொலைக்காட்சியில் பார்க்கும் ஹரிகேனும் உங்கள் கைக்கு வரும் ஹரிகேனும் ஒன்றல்ல. அதே பெயரில் சாதாரணம், மாகாண அணி, தேசிய அணி என்று தரவாரியாக வருகிறது, ஸ்பாஞ்சும் வேறுபடும். கெட்டியான ஸ்பாஞ்சை இளக்குவதற்கு பூஸ்டர் எண்ணெய் பூசும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ரப்பரை எந்த இரசாயனப் பூச்சும் இல்லாமல் அப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பூஸ்டர் இல்லாமல் ஹரிகேன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், ஹரிகேன் உங்களுக்கானது அல்ல என்றே முடிவு செய்யுங்கள்.

டெனர்ஜி 05-உம் அதன் உறவினர்களும்

பாதி வீச்சின் ராஜா துள்ளும் ரகம். தாமதமாக வந்தாலும், கை மட்டும் போனாலும், பந்து ஆழமாகப் போய் விழும். பேக்ஸ்பின் பந்தைத் தூக்குவதும் எளிது. டெனர்ஜி 05-இன் மொட்டுகள் தடிமனாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் பந்தை இறுகப் பிடித்து உயரமான வளைவில் அனுப்புகிறது. கனமான புஷ்ஷுக்கு எதிராக ஹரிகேனில் முழங்கால் மடக்கி மேலே இழுக்க வேண்டிய இடத்தில், இதில் பேட்டைத் திறந்துகொடுத்து முன்னோக்கிச் சுழற்றினாலே வலையைத் தாண்டிவிடும். மேசையை விட்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. அங்கிருந்து டாப்ஸ்பினுக்கு (முன்னோக்கிச் சுழலும் பந்துக்கு) டாப்ஸ்பின் அடிக்கும்போது துள்ளும் ரகம் பாதி வேலையைத் தானே செய்கிறது. ஒட்டும் ரகம் முழு வேலையையும் உங்களிடம் கேட்கிறது.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இரண்டு இடத்தில். ஒன்று ரிசீவ். மற்றொன்று பிளாக். எதிராளியின் லூப்பில் இருக்கும் ஸ்பின்னை டெனர்ஜி 05 உடனே கவ்விக்கொள்ளும். பேட்டின் கோணம் கொஞ்சம் திறந்திருந்தால் பந்து மேசைக்கு வெளியே பறந்துவிடும். கோணத்தை நன்றாக மூடி, பந்து எழும்பும்போதே முன்னால் சென்று சந்திக்கத் தெரிந்தவருக்கு அதே கவ்வல் ஆயுதமாகிறது. தெரியாதவர் ஒவ்வொரு லூப்புக்கும் பதறுவார்.

துள்ளும் ரகத்துக்குள்ளேயே மென்மையானவை தனி. வேகா யூரோப் போன்ற மென்மையான ஸ்பாஞ்ச் முதல் நாளே கைக்குப் பிடித்துவிடும். சத்தம் நன்றாக வரும், லூப் தானாக விழும். ஆனால் ஓங்கி அடித்தால் தரைதட்டிவிடும்: பந்து ஸ்பாஞ்சை முழுவதும் நசுக்கி அடியில் உள்ள மரத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகமாக வீசினாலும் ரப்பரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, பந்தின் பாதையும் நிலையில்லாமல் போகிறது. 2014-இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்த பிறகு இந்தக் குறை கூடுதலாகத் தெரிகிறது. புதிய பந்தில் ஸ்பின் ஏற்றுவது பழையதைவிடக் கடினம், அதனால் இன்னும் வேகமாக வீச வேண்டியிருக்கிறது. ரப்பர் நிறுவனங்கள் வரிசையாகக் கெட்டியான ஸ்பாஞ்சுக்கு நகர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019-இல் வந்த டிக்னிக்ஸ் 05-இன் ஸ்பாஞ்ச் டெனர்ஜி 05-ஐவிடக் கெட்டி.

ரிசீவ்: நான் அதிக நேரம் செலவிட்ட இடம்

ஒரே பிளேடில், ஒரே நண்பரின் சர்வீஸுக்கு எதிராக, ஹரிகேனையும் ஒரு நடுத்தரத் துள்ளும் ரப்பரையும் மாற்றி மாற்றி ஒட்டி நான் ஆடிப் பார்த்திருக்கிறேன். லூப்பில் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இரண்டு மூன்று நாளில் கைக்குப் பழகி மறைந்துவிட்டது. ரிசீவில் தெரிந்த வித்தியாசம் மறையவே இல்லை.

குட்டையாகத் திருப்பி வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிகேனில் பேட்டைப் பந்துக்கு அடியில் வைத்தாலே போதும். பந்து செத்து விழும். தொடும் நேரம் கொஞ்சம் தப்பினாலும் நீளம் பெரிதாக மாறாது. துள்ளும் ரப்பரில் அதே தொடுதல் பந்தை எழுப்பிவிடும். அதைச் சமாளிக்க மூன்று காரியம் செய்ய வேண்டும். பந்து குதித்த உடனே, உயரும் முன்பே தொட வேண்டும். பிடியை நன்றாகத் தளர்த்த வேண்டும். பந்தைத் தள்ளாமல் மிக மெல்லிசாக அரிய வேண்டும். எவ்வளவு மெல்லிசாக அரிகிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் ஸ்பாஞ்சுக்கு வேலை இருக்கும். இது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைதான். ஆனால் பதற்றத்தில் முதலில் கைவிட்டுப் போவதும் இதுதான், ஏனென்றால் பதற்றத்தில் நாம் எல்லோரும் பேட்டை இறுக்கிப் பிடிக்கிறோம்.

நீளமான, வேகமான புஷ்ஷில் இரண்டுக்கும் வெற்றி தோல்வி இல்லை. ஹரிகேனில் கனமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் போகும். துள்ளும் ரகத்தில் ஸ்பின் சற்றே குறைந்து வேகமாக உடம்பை நோக்கிப் பாயும். குட்டைப் பந்தை மணிக்கட்டால் திருப்பி அடிக்கும் ஃபிளிக்குக்குத் துள்ளும் ரகமே மேல். அந்த அடிக்குப் பின்வீச்சு கிடையாது. வேகம் ரப்பரிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஸ்பின்னைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? ஒட்டும் ரகமும் துள்ளும் ரகமும் இரண்டுமே தண்டிக்கும். துள்ளும் ரகத்தில் தவறு வேகமாகவும் தூரமாகவும் போகிறது. ஒட்டும் ரகத்தில் சும்மா பேட்டை நீட்டினால் ஸ்பின் அப்படியே ஏறிப் பந்து பக்கவாட்டில் எகிறும். ஆனால் துணிந்து உங்கள் ஸ்பின்னைப் போட்டுத் தொட்டால் எதிராளியின் ஸ்பின் அடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் மறந்துவிட்ட மூன்றாவது வகை நினைவுக்கு வருகிறது. 1967-இல் வந்த பட்டர்ஃபிளை ஸ்ரைவர், 1969-இல் வந்த யசாகா மார்க் வி. ஒட்டவும் ஒட்டாது, பெரிதாகத் துள்ளவும் துள்ளாது. எதிராளியின் ஸ்பின்னுக்கு இவை எளிதில் ஆட்படுவதில்லை. பாதி தவறாகப் படித்த சர்வீஸும் மேசைக்குள் விழுந்துவிடும். சொந்தமாக ஏற்றும் ஸ்பின்னும் மேசைக்குப் பின்னாலிருந்து வரும் வேகமும் குறைவு என்பது உண்மை. ஆனால் அடி இன்னும் நிலைப்படாதவருக்கு, குறிப்பாக ஆடத் தொடங்கி ஓரிரண்டு வருடமே ஆனவருக்கு, இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஒழுங்காக அடித்தால் ஒழுங்காகப் போகும், அரைகுறையாக அடித்தால் அரைகுறையாகப் போகும். கை உடனுக்குடன் கற்றுக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் பேட்டில் விலையுயர்ந்த துள்ளும் ரப்பரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். அந்தப் பிள்ளை ரப்பரின் வேகத்தைத் தன் வேகம் என்று நம்பி வளர்கிறது.

நடுவழி

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று வந்திருப்பவை ஹைப்ரிட் ரகங்கள். மேல்தாள் ஒட்டும், ஸ்பாஞ்ச் துள்ளும். டிக்னிக்ஸ் 09சி இதில் முன்னோடிப் பெயர். மெல்லத் தொட்டால் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பாதி வீச்சில் ஹரிகேனைப்போல் கைவிடுவதில்லை. முழு வீச்சில் கனமான ஸ்பின் வருகிறது. சொல்லக் கேட்டால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஸ்பாஞ்ச் கெட்டி, எடையும் லேசல்ல. பாதி வீச்சு என்று நான் சொன்னதிலேயே, பந்தை அமிழ்த்தும் அளவுக்காவது முன்கையின் வேகம் இருக்க வேண்டும். அது இருக்கிறவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. முன்கை மெதுவாக வீசுகிறவருக்கு இது ஹரிகேனின் குறையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

எண்களை நம்பும்போது

ஸ்பாஞ்சின் கெட்டித்தன்மைக்கு எல்லா நிறுவனமும் ஓர் எண் தருகிறது. அந்த எண்கள் ஒரே அளவுகோலில் இல்லை. பட்டர்ஃபிளை டெனர்ஜி 05-க்கு 36 என்று போடுகிறது. ஜெர்மனியில் தயாராகும் பல ரப்பர்களின் அளவுகோலில் அதே கெட்டித்தன்மை 47-க்குப் பக்கத்தில் வரும். டிஎச்எஸ் ஹரிகேனுக்கு 39, 40, 41 என்று போடுகிறது. இது அந்த 47-ஐவிடவும் கெட்டி. என்னோடு ஆடும் ஒருவர் 45 என்று போட்டிருந்த ரப்பரைக் கெட்டி என்று ஒதுக்கி, 40 என்று போட்ட ஹரிகேனை மென்மை என்று எண்ணி வாங்கி, ஒரு பருவம் முழுக்கத் தோள்வலியோடு ஆடினார். ஒரே நிறுவனத்தின் இரண்டு ரப்பர்களை ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும். அட்டையில் அச்சிடும் வேகம், ஸ்பின், கட்டுப்பாடு என்ற மதிப்பெண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தடிமனைப் பற்றிப் பேசாமல் ரப்பர் பெயரை மட்டும் பேசுவது அரைக் கதை. விதிப்படி மேல்தாள், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து 4 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. அதனால் மேக்ஸ் என்று விற்பதிலும் ஸ்பாஞ்ச் 2.2 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். 2.1-க்கும் 1.9-க்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஸ்பாஞ்ச் மெலியும்போது குட்டை ஆட்டம் அடங்குகிறது, பிளாக் நிலைப்படுகிறது, பேட்டும் சில கிராம் லேசாகிறது. ஓங்கி அடிக்கும்போது மரம் சீக்கிரம் தட்டுப்படுகிறது. துள்ளும் ரப்பர் பிடித்திருக்கிறது, ரிசீவ்தான் நிற்கவில்லை என்கிறவர் ரப்பரை மாற்றுவதற்கு முன்னால் அதே ரப்பரை ஒரு படி மெல்லிசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டி ஒட்டிய பிறகு ஹரிகேன் 50 கிராமுக்கு அக்கம்பக்கம் நிற்கும். மென்மையான ரப்பர்கள் அதைவிட நன்கு குறைவு. இரண்டு பக்கமும் கெட்டியானதைப் போட்டால் பேட் 190 கிராமைத் தாண்டிவிடலாம். அந்தக் கூடுதல் எடை முழுவதும் பேட்டின் தலைப் பக்கம் உட்காருவதால் ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்குத் திரும்பும்போது கை பின்தங்கும். மணிக்கட்டிலோ தோளிலோ ஏற்கெனவே வலி இருப்பவர் ஒட்டும் ரகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பேக்ஹேண்ட் பக்கம்

இங்கே தயக்கம் குறைவு. பேக்ஹேண்ட் அடி குறுகியது, மேசைக்கு மேலேயே நடப்பது, முழங்கையும் மணிக்கட்டும் மட்டும் ஓட்டுவது. கெட்டியான ஸ்பாஞ்சை அமிழ்த்தும் பலம் அதில் பெரும்பாலோருக்கு வராது. ஃபோர்ஹேண்டில் ஒட்டும் ரப்பர் போடும் சீன ஆட்டக்காரர்களிலேயே பலர் பேக்ஹேண்டில் துள்ளும் ரகம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ரக்ஸா 7 போன்ற நடுத்தரம், அல்லது அதைவிட ஒரு படி மென்மை, 1.9 அல்லது 2.0. இதற்குமேல் பேக்ஹேண்டைப் பற்றி மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

பிம்பிள்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டுகள் வெளியே தெரியும் ஷார்ட் பிம்பிள்ஸ் எதிராளியின் ஸ்பின்னுக்கு அவ்வளவாக ஆட்படாமல் தட்டையாக அடிக்க உதவும். டோக்கியோவில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற ஜப்பானின் இட்டோ மிமா பேக்ஹேண்டில் அதைத்தான் வைத்திருந்தார். லாங் பிம்பிள்ஸ் எதிராளியின் ஸ்பின்னைத் திருப்பி அனுப்புவது. அது வேறொரு ஆட்டம், தனியாகப் பேச வேண்டியது. லூப்பில் கஷ்டப்படுகிறோம் என்பதற்காக மட்டும் யாரும் அங்கே போகக்கூடாது.

ஒரு ரப்பர் எவ்வளவு தூரம் ஆட்டத்தையே மாற்றும் என்பதற்கு 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியைச் சொல்ல வேண்டும். ஜப்பானின் சாட்டோ ஹிரோஜி தடித்த ஸ்பாஞ்ச் பேட்டோடு வந்தார். அதுவரை ரப்பரில் பந்து படும் சத்தத்தைக் கேட்டு அடியை எடைபோட்டுப் பழகியவர்களுக்கு, சத்தமே இல்லாமல் வந்த பந்துகள் புரியவில்லை. அவர் உலகச் சாம்பியன் ஆனார். நாம் எல்லோரும் இன்று ரப்பருக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து ஆடுவதற்கு அது ஒரு தொடக்கம்.

எத்தனை நாள் உழைக்கும்

துள்ளும் ரப்பர் முதல் நாளிலிருந்தே முழுத் திறனோடு இருக்கும். பிறகு படிப்படியாக உள்விசையும் மேல்தாளின் பிடிப்பும் குறையும். வாரம் இரண்டு மூன்று நாள் ஆடினால் ஆறேழு மாதத்தில் நடுவில் பளபளப்பான ஒரு வட்டம் தெரியத் தொடங்கும். அந்த வட்டத்தில் பந்து வழுக்கும், ஓரத்தில் பிடிக்கும். அதோடு ஆடுவது கஷ்டம். ஹரிகேன் நேர்மாறு. முதல் சில நாள் முரண்டு பிடித்து, பிறகு இளகி, வெகுநாள் நிற்கும். பிசுபிசுப்பு போன பிறகும் அது ஆடத்தக்க ரப்பராகவே இருக்கிறது. ஆனால் அது தூசியை இழுக்கும். ஒவ்வொரு நாளும் ஆடி முடித்தவுடன் ஈரப் பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைக்காவிட்டால் இரண்டே வாரத்தில் ஒட்டும் ரகம் ஒட்டாத ரகமாகிவிடும். பேட்டைப் பையில் அப்படியே போட்டுவிட்டுப் போகும் பழக்கமுள்ளவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆடிப் பார்க்கும் வழி

இரவல் பேட்டில் ஐந்து நிமிட லூப் எதையும் சொல்லாது. முடிந்தால் உங்கள் பிளேடு மாதிரியே உள்ள பிளேடில் ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள். கார்பன் பிளேடில் ஆடிப் பார்த்துவிட்டு மரப் பிளேடுக்கு முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். எதிராளியைக் குட்டை பேக்ஸ்பின் சர்வீஸ்கள் போடச் சொல்லி, ஒன்றுகூட அடிக்காமல் எல்லாவற்றையும் குட்டையாகவே திருப்பி வையுங்கள். எத்தனை பந்து இரண்டு முறை குதிக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்து அவரை லூப் அடிக்கச் சொல்லி பிளாக் மட்டும் செய்யுங்கள். பிறகு கனமான புஷ் வாங்கி மெதுவாகத் தூக்குங்கள். கடைசியாக, கால் களைத்திருக்கும் நேரத்தில், ஒரு முழு ஆட்டம். லூப்பை அந்த ஆட்டத்தில் வருகிறபோது அடித்தால் போதும். இதை ஒரே நாளில் முடிவு செய்யாமல் மூன்று நாள் செய்யுங்கள். முதல் நாள் எந்தப் புது ரப்பரும் அந்நியமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளும் அந்நியமாக இருப்பது எதுவோ அதுதான் உண்மையான வித்தியாசம்.

என் தீர்ப்பைக் கேட்டால், நான் முதலில் சொன்ன அந்த ஆட்டக்காரருக்கு ஃபோர்ஹேண்டில் நடுத்தரக் கெட்டியான துள்ளும் ரப்பர், 2.0 மி.மீ. டெனர்ஜி 05 அல்ல. அதைவிட ஒரு படி அடங்கிய ரக்ஸா 7 மாதிரி ஒன்று. முன்கை வேகமாக வீசத் தெரிந்து, குட்டை ஆட்டத்தில் புள்ளி எடுக்கிறவராக இருந்தால் ஹைப்ரிட். தினமும் பயிற்சி, கூடவே பார்த்துத் திருத்தப் பயிற்சியாளர், வலியில்லாத தோள், இந்த மூன்றும் இருந்தால் ஹரிகேன் 3-ஐத் தயங்காமல் போடலாம். அதன் முழு வீச்சுக்கு ஈடு எதுவும் இல்லை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

தோள்வலியோடு ஆடினார் என்று சொன்னேனே, அவர் இப்போது 1.9 மி.மீ. துள்ளும் ரப்பரில் ஆடுகிறார். லூப் முன்பைவிட லேசாகத்தான் வருகிறது. ஆனால் போன வாரம் 9-9-இல் நான் போட்ட குட்டை சர்வீஸை அவர் வலையோரம் அப்படியே இறக்கி வைத்தார். நான் எட்டிப்போவதற்குள் பந்து மூன்றாவது முறை குதித்துவிட்டது.